புத்தளத்தில் விழுந்த வன்னி வாக்குகள்

1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி. சுபஹ் தொழுகை முடிந்த கையோடு வாப்பா வெள்ளைச் சாரனும் சட்டையும் உடுத்து, பெருநாள் தொழுகைக்குப் போகிறவர் போல முகாமிலிருந்து புறப்பட்டார். முல்லைத்தீவின் வாக்காளராக அவர் வாக்களிக்கப் போனார். வாக்குச் சாவடி புத்தளத்தில் இருந்தது. தண்ணீரூற்றில் வீடும் வயலும் விட்டு வந்து அப்போது நான்கு வருடம் ஆகப்போகிறது. எனக்குப் பதினெட்டு வயது. பழைய வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை. அதனால் கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரச் சின்னத்துக்குப் போட்டதாகத் திரும்பி வந்தவுடன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இரகசிய வாக்கெடுப்பு என்பதெல்லாம் முகாமில் செல்லுபடியாகாத விஷயம். அன்று மரத்துக்குப் போடாதவர் ஒருவர் இருந்திருந்தால் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

அந்த மரத்தை நட்ட மனிதர் எம்.எச்.எம். அஷ்ரஃப். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் இறந்தார். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் வருகின்றன. அநேகமானவை கல்முனையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ எழுதப்படுபவை. வன்னியிலிருந்து பார்த்தால் அவர் எப்படித் தெரிகிறார் என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தேர்தலில் இஸ்லாத்தைக் கையில் எடுத்ததால் முஸ்லிம்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்ற கேள்விக்கு விடை தேடுவதற்கு எங்களைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

அஷ்ரஃப் 1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தார், கல்முனையில் வளர்ந்தார். வெஸ்லியில் படித்து, சட்டக் கல்லூரிக்குப் போய்ச் சட்டத்தரணியானார். கவிதையும் எழுதினார். 'நான் எனும் நீ' என்ற அவருடைய தொகுப்பு 1999இல் வந்தது. தமிழில் அவர் பேசினால் கூட்டம் அசையாது. அவருடைய பேச்சுகள் ஒலிநாடாவாக எங்கள் முகாம் வரைக்கும் வந்தன. மின்சாரம் இல்லாத கொட்டிலில் பற்றரி போட்ட ரேடியோவில் அவற்றைக் கேட்போம். சட்டத்தரணியின் தர்க்கம், கவிஞனின் ஏற்ற இறக்கம், நடுவில் ஒரு குர்ஆன் வசனம், பிறகு ஒரு நையாண்டி. சிரித்து முடிப்பதற்குள் அழவைத்துவிடுவார்.

இப்போது அவரைத் தலைவர் என்று மட்டும் அறிந்த இளைஞர்களுக்கு ஒரு செய்தி ஆச்சரியமாக இருக்கும். அவர் அரசியலைத் தொடங்கியது தமிழர் விடுதலைக் கூட்டணியின் பக்கத்தில். 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் தொழ வந்தவர்கள் செத்தார்கள். அரசாங்கப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் தலைவர்கள் வாய் திறக்கத் தயங்கியபோது நாடாளுமன்றத்தில் அதைப் பேசியவர் செல்வநாயகம். இளம் அஷ்ரஃபுக்கு அது பெரிய பாடம். முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி உருவானது. 1977 தேர்தலில் அது கூட்டணியோடு சேர்ந்து நின்றது. உதயசூரியனுக்காக மேடை ஏறிய அவர், அமிர்தலிங்கம் ஈழத்தைக் கைவிட்டாலும் தான் கைவிடப்போவதில்லை என்கிற அளவுக்குப் பேசியதாகச் சொல்வார்கள். சூரியனில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்கள் கிழக்கில் தோற்றுப்போனார்கள். முஸ்லிம் மக்கள் அந்தச் சின்னத்தை ஏற்கவில்லை.

தேர்தலில் மதத்தைப் பேசிய முதல் முஸ்லிம் அரசியல்வாதி அவரல்லர். பதியுதீன் மஹ்மூத் இஸ்லாமிய சோஷலிச முன்னணி என்று ஒன்றை அமைத்து, சுதந்திரக் கட்சிக்கு முஸ்லிம் வாக்கைத் திரட்டியிருந்தார். அங்கே இஸ்லாம் வேறொரு கட்சியின் வண்டியில் ஏறிய பயணி. வண்டியே முஸ்லிம்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அஷ்ரஃபின் கணக்கு. காத்தான்குடியில் 1981இல் அஹமட் லெப்பை தொடங்கியிருந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை அவர் 1986 நவம்பரில் கொழும்பில் கூடிய மாநாட்டின் மூலம் தேசியக் கட்சியாக்கித் தலைமை ஏற்றார். அதற்கு முந்திய வருடம் கிழக்கில் தமிழ் முஸ்லிம் கலவரம் நடந்திருந்தது. அவரும் கல்முனையை விட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். பிறகு 1987இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்தது. வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது முஸ்லிம்களை யாரும் கேட்கவில்லை. ஒரு கட்சி பிறப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆனால் எதைச் சொல்லி மக்களைச் சேர்ப்பது? கிழக்கில் போடியார், மன்னாரில் மீனவர், முல்லைத்தீவில் என் வாப்பாவைப் போல ஐந்து ஏக்கர் வயல்காரர், கொழும்பில் வியாபாரி. பேசுவது தமிழ், ஆனால் தமிழர் என்ற பெயருக்குள் நிற்க முடியாது. தொழில் வேறு, ஊர் வேறு, நலன் வேறு. இவர்கள் எல்லோர் மேலும் விரிக்கக்கூடிய பாய் ஒன்றுதான் இருந்தது. குர்ஆனும் ஹதீஸும் கட்சியின் வழிகாட்டி என்று யாப்பில் எழுதினார்கள். கூட்டம் கிராஅத்தோடு தொடங்கி, தக்பீர் முழக்கத்தோடு முடிந்தது. பச்சை நிறம், மரம், ஒற்றுமையின் கயிற்றைப் பற்றச் சொல்லும் வசனம். மரத்துக்கு வாக்களிப்பது அமல் போலவும், போடாமல் விடுவது ஈமானில் ஒரு குறை போலவும் சிறிய மேடைகளில் பேசிய சிறிய பேச்சாளர்கள் பேசினார்கள். அஷ்ரஃப் அவர்களை எப்போதும் தடுத்தார் என்று சொல்ல முடியாது.

இது உலகத்தில் எங்கும் இல்லாத புதுமையல்ல. 1946இல் பஞ்சாபில் முஸ்லிம் லீக் வாக்குக் கேட்டபோது தர்காக்களின் பீர்கள் களத்தில் இறங்கினார்கள். 2017இல் ஜகார்த்தா ஆளுநர் தேர்தலில் முஸ்லிமல்லாதவருக்கு வாக்களிப்பது ஆகாது என்ற பிரசாரத்தில் கிறிஸ்தவரான பாசுகி தோற்றார். தோற்றதோடு நிற்காமல், மதநிந்தனை வழக்கில் சிறைக்கும் போனார். ஆனால் இந்தோனேசியாவில் அது பெரும்பான்மையின் ஆயுதம். அஷ்ரஃபின் கையில் இருந்தது சிதறிக் கிடந்த ஒரு சிறுபான்மையின் ஆயுதம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அவரை எடைபோடக்கூடாது.

அவருடைய கெட்டித்தனம் வேறொரு இடத்திலும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேடையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அப்போதைய தேர்தல் முறைப்படி ஒரு மாவட்டத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனம் கிடையாது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. (கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போய்விடும்.) 1981 கணக்கெடுப்பின்படி வன்னியில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்தான் முஸ்லிம். முல்லைத்தீவை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஐந்து பேரளவு. பன்னிரண்டரை வீதத்தைத் தாண்ட வேண்டுமென்றால் தொப்பி போட்ட ஒவ்வொருவரும் மரத்துக்குப் போட்டால்தான் முடியும். 1988 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் அஷ்ரஃப் பிரேமதாசவோடு பேசி, அந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைக்கவைத்தார். அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் அது. இன்றைக்கு நாடு முழுவதும் சிறிய கட்சிகள் மூச்சுவிடுவது அந்தத் திருத்தத்தால்தான். அவற்றில் சில முஸ்லிம்களை வைது வாக்குக் கேட்கின்றன என்பது வேறு கதை.

1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனம் எடுத்துப் பிரதான எதிர்க்கட்சியானது. 1989 நாடாளுமன்றத் தேர்தலில் தேசியப்பட்டியலோடு சேர்த்து நான்கு ஆசனம். அந்த நான்கில் ஒன்று வன்னி.

எங்கள் ஊரில் அது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரூற்றும் முள்ளியவளையும் ஒட்டிக் கிடக்கிற ஊர்கள். வயல் வரம்பில் யார் எந்த மதம் என்று பார்ப்பதில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற சனம் எங்கள் வீட்டு வாசலால்தான் போகும், உம்மா தண்ணீர் கொடுப்பார். வாப்பா 1977இல் சூரியனுக்குப் போட்டவர். 1989இல் முதல் தடவையாக அவருடைய வாக்கும் பக்கத்து வயல்காரர் கந்தையா அண்ணரின் வாக்கும் வேறு வேறு திசைக்குப் போயின. அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் தேர்தலைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கதை நின்றுபோனதுதான் என் நினைவில் இருக்கிறது.

அடுத்த வருடம் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் படுகொலைகள். ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியாவில் அவர்கள் பிடியில் இருந்த பகுதிகள் என்று ஏறக்குறைய 75,000 பேர். முஸ்லிம் காங்கிரஸ் வளர்ந்ததால்தான் துரத்தினார்கள் என்று சிலர் இன்றும் நியாயம் சொல்வதுண்டு. கட்சிக்கு வாக்களித்ததற்கு ஊரைவிட்டுத் துரத்துவது தண்டனையாக முடியாது. ஊரில் வாக்கே இல்லாத பிள்ளைகளும்தான் போனார்கள். அந்தக் கணக்கு கொடூரமான கணக்கு, அதில் நான் இறங்கப்போவதில்லை.

1994 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது அஷ்ரஃப் தன் பதவியையே பணயம் வைத்தார். சொன்னபடி சபைகள் எல்லாவற்றையும் வெல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்தபடி நாடாளுமன்ற ஆசனத்தை விட்டு விலகினார். எங்கள் அரசியலில் இப்படிச் செய்தவர்களை எண்ணிப் பார்க்க ஒரு கை போதும். முகாமில் அவர் மதிப்பு அதனால் ஏறியதே தவிர இறங்கவில்லை.

இனி அந்த ஓகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம் கிடைத்தது. 225 பேர் சபையில் 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, மலையக மக்கள் முன்னணிக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 113. பதினேழு வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது இந்தக் கூட்டலில்தான். அந்த ஏழில் இரண்டு வடக்கிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2,098 வாக்கில் ஓர் ஆசனம், வன்னியில் ஓர் ஆசனம். அந்த வாக்குகளில் பெரும்பாலானவை புத்தளத்து அகதி முகாம்களிலிருந்து வரிசையில் போய் நின்று போடப்பட்டவை. கொட்டிலில் இருந்தவர்கள் நாட்டின் அரசாங்கத்தைத் தீர்மானித்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அஷ்ரஃப் அமைச்சரானார். கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு. முகாமில் பட்டாசு வெடித்தது. புனர்வாழ்வு அமைச்சே நம் தலைவர் கையில் என்றால் அடுத்த போகத்துக்கு வயலில் நிற்கலாம் என்று வாப்பா நம்பினார். உப்புக் காற்றில் துருப்பிடித்த வீட்டுச் சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்.

நாங்கள் போகவில்லை. 1995 ஏப்ரலில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போனபின் புலிகளின் நிர்வாகமே வன்னிக்குள் வந்து உட்கார்ந்தது. எந்த அமைச்சராலும் எங்களை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இன்னொன்றையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். அஷ்ரஃபின் கையில் அதிகாரம் வந்த ஆறு வருடமும் அந்த அதிகாரம் கிழக்கை நோக்கியே பாய்ந்தது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு அது உயிர்த் தண்ணீர், என் ஒன்றுவிட்ட தங்கையும் அங்கேதான் பட்டம் எடுத்தாள். ஒலுவிலில் துறைமுகத் திட்டம் போட்டார். துறைமுக அதிகாரசபையில் கிழக்கு இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அரசியல் தீர்வுப் பேச்சு வந்தபோது அவர் கேட்டது கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகள் சேர்ந்த தென்கிழக்கு அலகு. அந்த வரைபடத்தில் மன்னாரோ தண்ணீரூற்றோ சாளம்பைக்குளமோ இல்லை.

இங்கேதான் அந்தப் பாயின் பிரச்சினை தெரிகிறது. வாக்குக் கேட்கும்போது நாங்கள் எல்லோரும் ஒரே உம்மத். அதிகாரத்தைப் பங்கு வைக்கும்போது அம்பாறை மாவட்டத்துக்காரர் தனி, வன்னி அகதி தனி. மதத்தால் திரட்டப்பட்ட வாக்குக்கு மதத்துக்கு உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வைக் கேட்கும் வாய் இல்லை. கேட்டால் ஒற்றுமையைக் கெடுக்கிறான் என்று பெயர். முகாமில் ஒரு மாஸ்டர் கேட்டார். அடுத்த ஜும்ஆவில் பிளவு பற்றிப் பிரசங்கம் நடந்தது.

அஷ்ரஃப் இதைக் காணாதவர் அல்லர் என்றே நினைக்கிறேன். கடைசிக் காலத்தில் அவர் நடந்த வழி அப்படித்தான் தெரிகிறது. தீகவாபி விகாரை நிலத்தை முஸ்லிம்கள் பிடிக்கிறார்கள் என்ற பிரசாரம் சிங்களத்தில் கிளம்பியபோது, அதைப் பேசிக்கொண்டிருந்த சோம தேரருக்கு முன்னால் தொலைக்காட்சியில் போய் உட்கார்ந்து சிங்களத்திலேயே விவாதித்தார். அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்: இஸ்லாத்தைச் சொல்லி ஒருவர் வாக்குச் சேர்க்கலாம் என்றால், இஸ்லாத்தைக் காட்டிப் பயமுறுத்தி அதைவிடப் பத்து மடங்கு வாக்கு இன்னொருவர் சேர்க்கலாம். சிங்களவரும் தமிழரும் வாக்களிக்கக்கூடிய தேசிய ஐக்கிய முன்னணியை அவர் உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான். கிழக்கிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. மரத்தை வெட்டப் போகிறாரா என்று கேட்டார்கள். அதற்கான பதிலை நடைமுறையில் காட்ட அவருக்கு நாள் கிடைக்கவில்லை. 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி தேர்தல். அதற்கு இருபத்து நான்கு நாள் முன்னர் கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் போய்ச் சேரவில்லை. ஐம்பத்திரண்டு வயது நிரம்பவில்லை.

முகாமில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்று சொன்னால் நம்புங்கள். வாப்பா அழுததை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவர் போனபின் கட்சி தலைமைப் போட்டியில் பிரிந்தது. பிரிந்தவை மறுபடி பிரிந்தன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நாங்கள் திரும்பலாம் என்றது அது. காகிதத்தில் இருந்தது, தரையில் இறங்கவில்லை. வன்னியில் முஸ்லிம் காங்கிரஸிலிருந்து நாடாளுமன்றம் போனவர் பின்பு தனிக் கட்சி கண்டார். அகில இலங்கை முஸ்லிம் காங்கிரஸ் என்று இருந்த பெயர் பிறகு மக்கள் காங்கிரஸ் ஆயிற்று. பெயரில் முஸ்லிம் போனது, மேடையில் போகவில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்து காடு வெட்டியவர்களை, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று தென்னிலங்கையில் காட்டினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இஸ்லாம்தான் மறுபடி பேசுபொருள், இந்தத் தடவை எதிர்ப்பக்கத்தில். அஷ்ரஃப் பயந்த நாள் அது.

2020இல் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மரத்தின் பெயராலும் மற்ற முஸ்லிம் கட்சிகளின் பெயராலும் நாடாளுமன்றம் போனவர்களில் பலர் கை உயர்த்தினார்கள். இருபது நாள் பிள்ளையின் உடலையும் எரித்த வருடம் அது. அந்த வாக்குக் கேட்ட மேடைகளும் கிராஅத்தோடுதான் தொடங்கியிருக்கும்.

வாப்பா புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார். நான் ஊருக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம். கந்தையா அண்ணரும் இல்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அவர் குடும்பத்தில் திரும்பி வந்தது ஒரு மகள் மட்டும். அவரும் நானும் வயல் வரம்பில் சந்தித்தால் மழையைப் பற்றிக் கதைக்கிறோம், உர விலையைப் பற்றிக் கதைக்கிறோம். தேர்தலைப் பற்றியும் இப்போது கொஞ்சம் கதைக்கிறோம்.

2024 நவம்பர் தேர்தலுக்கு முன்னர் ஒரு வேட்பாளரின் பையன்கள் இரவில் வந்து பள்ளிவாசல் மதிலில் அஷ்ரஃபின் படம் போட்ட சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனார்கள். அதைக் கிழிப்பதா விடுவதா என்று இஷாவுக்குப் பிறகு நிர்வாகம் கூடியது. மதிலில் அரசியல் வேண்டாம் என்றார்கள் சிலர். தலைவரின் முகத்தைக் கிழிக்கக்கூடாது என்றார்கள் சிலர். கடைசியில் படத்துக்குக் கீழே இருந்த வேட்பாளரின் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தோம். மேலே இருந்த முகம் மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இருந்தது.